காலில்லாத குருவிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சன்னதித் தெருவில் கோதண்டராமனின் பாத்திரக் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் இரும்புக் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழைய சைக்கிள் மணியின் கப்பில் வயிறு, டின் தகட்டில் வெட்டிய றெக்கை, இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடின் உடைந்த துண்டில் வால், பால்ரஸ் உருண்டையில் கண். கால் மட்டும் கிடையாது. தேய்ந்துபோன மாட்டு லாடம் ஒன்றின் மேல் வயிற்றைப் பதித்துப் பற்றவைத்திருப்பார்கள். குருவி அதன்மேல் அடைகாப்பதுபோல் இருக்கும்.

ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். கோதண்டராமன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்வார்: "மெடிட்டேசன் பேர்டு, மேடம். நோ வாக்கிங். நோ பிளையிங். ஒன்லி சிட்டிங்." அவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். மலையைப் பார்த்துக் கண்மூடி உட்கார்ந்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் குருவி தங்களைப் போலவே தோன்றியிருக்க வேண்டும்.

நானும் ஒன்றை வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து, இது என்ன இரும்பு என்று கேட்பார்களோ என்ற பயத்தில் இரண்டு சட்டைக்குள் சுற்றி எடுத்து வந்தேன். இங்கே வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் வெகுநாள் வரை நானும் தியானம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, அந்தக் குருவிகளைச் செய்த அப்பாசாமியின் மனைவி வெள்ளையம்மாளிடம் இதைச் சொன்னேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "தியானமாவது ஒண்ணாவது" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதும், அவர்கள் எதிர்வீட்டில் இருந்து நான் பார்த்ததும், பிறகு அதே தெருவில் இருந்த சகாதேவனிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டதும் இது.

அப்பாசாமி போளூர் ரோட்டில் சுப்பிரமணியின் வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். ஜன்னல் கிராதி, இரும்பு கேட், மாட்டு வண்டிப் பட்டா, உடைந்த ஏர்க்கலப்பை என்று எது வந்தாலும் பற்றவைப்பார். சட்டையில் எப்போதும் கார்பைடு வாடை அடிக்கும். மிச்சம் விழுகிற துண்டுகளில் குருவி செய்வது அவராகப் பிடித்துக்கொண்ட பழக்கம். ஒருநாள் உடைந்த பிளேடு ஒன்று கப்பின் பக்கத்தில் விழுந்து கிடந்த கிடை, குருவி வாலை ஆட்டுவது போலவே இருந்ததாம். அதை எடுத்து ஒட்டியவர் பிறகு விடவில்லை. கோதண்டராமன் பார்த்துவிட்டு, கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்துக்கு விற்கலாமே என்று எடுத்துக்கொண்டார்.

முதலில் செய்த குருவிகளுக்கெல்லாம் கால் இருந்தது. கால்தான் அதில் கஷ்டமான வேலை. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கொஞ்சம் கோணினாலும் குருவி குப்புற விழும். அதனால் கால்களைப் பட்டறையில் செய்யமாட்டார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பின்கட்டில் உட்கார்ந்து, துருப்பிடிக்காத வெள்ளைக் கம்பியைக் குறடால் வளைத்து வளைத்துப் பார்ப்பார். நிற்காத கால்களைப் பின்சுவர் மேல் போட்டுவிடுவார்.

அவருடைய அப்பா வேடியப்பன் அடி அண்ணாமலையில் தனியாக ஒரு ஓலைக் குடிசையில் இருந்தார். கூலி வேலை செய்தே வாழ்ந்தவர். டவுனுக்கு வந்து மகனோடு இரு என்றால் மலையின் இந்தப் பக்கம் காற்று பிடிக்கவில்லை என்பார். எழுபத்தி ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை, மழை தொடங்குவதற்கு முன்பு பட்டறைக்கு வந்து மகனிடம் ஒரு தகடு கேட்டார்.

"தலமாட்டுல மட்டும் ஒழுவுதுடா. கால்மாட்டுல ஒழுவுனாகூட கால் கழுவுன மாதிரி ஆச்சின்னு வுட்டுடலாம். மூஞ்சியில இல்ல வுழுவுது."

"அடுத்த வாரம் எடுத்தாரேன்பா."

அப்பாசாமியிடம் ஒரு நல்ல தகடு இருந்தது. எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி, ஒன்றோடு ஒன்று மடித்து அவரே இணைத்தது. அப்பாவுக்கென்றே சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமாயிற்று. அதற்குள் கோதண்டராமன் தீபத்துக்கு நிறையக் குருவி வேண்டும் என்று ஆள்மேல் ஆள் விட்டார். றெக்கைக்குத் தகடு போதவில்லை. அப்பாவுக்கு வேறு பிரித்துக்கொள்ளலாம் என்று அதை எடுத்து வெட்டிவிட்டார்.

வேடியப்பன் மறுபடி வந்தபோது பட்டறைத் தரையெங்கும் றெக்கைகள் கிடந்தன. கிழவர் ஒன்றை எடுத்துத் திருப்பினார். அதன் பின்புறத்தில் டின்னின் குத்துவிளக்குப் படம் பாதி தெரிந்தது. சாய்த்து வைத்திருந்த தகட்டில் அந்தப் படத்தை அவர் முன்பே பார்த்திருந்தார்.

"இன்னாடா அப்பாசாமி, என் கூரைக்கு றெக்க மொளச்சிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். கோபமே இல்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி மழையில் அவருக்கு மூச்சு இழுப்பு கண்டது. அது அவருக்கு இளவயதிலிருந்தே உள்ளதுதான். போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாசாமி குடிசைக்குள் நுழைந்தபோது தலைமாட்டில் யாரோ ஓர் அலுமினியத் தட்டை வைத்திருந்தார்கள். அதில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. ஒப்பாரி நின்று நின்று எழுந்தது, அந்தச் சத்தம் மட்டும் நிற்கவில்லை என்று வெள்ளையம்மாள் சொன்னார். "மழைக்கும் சாவுக்கும் சம்பந்தமில்ல, இழுப்புல போனாருன்னு எல்லாரும்தான் சொன்னாங்க. இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே?"

அமாவாசைக்கு அமாவாசை அப்பாசாமி தன் அப்பாவுக்குப் படைத்துப் பின்சுவர் மேல் சோறு வைப்பார். வழக்கமாக ஒரு காக்கை வரும். அதற்கு ஒரு றெக்கை லேசாகத் தொங்கியிருக்கும், வயசான காக்கை. சோற்றைத் தின்றுவிட்டுப் போகும். மாசி வரை அப்படித்தான். பங்குனி அமாவாசையன்று அது சோற்றைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த, நிற்காத குருவிக்கால் ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது.

"வெள்ளையம்மா! இங்க வா. சோறு தின்னல பாரு. கம்பிய தூக்கினு போவுது."

"கூடு கட்டற காலம். குச்சியும் கம்பியும் பொறுக்கத்தான் செய்யும். இதுல இன்னா அதிசயம்?"

"அதில்ல. எங்கப்பா கூரை கேக்குறாரு."

மறுநாள் முதல் சுவர்மேல் கம்பி வைப்பது அப்பாசாமியின் வேலையாயிற்று. நிற்காத கால்கள் போதாத நாளில் நல்ல கால்களையும் வைத்தார். அந்தக் காக்கை வந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போய்த் தெருமுனை மின்கம்பத்தின் கீழ்க் குறுக்குச்சட்டத்தில் வைப்பதை நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மின்கம்பம் என்றால் எங்கள் தெருவில் சகாதேவன்தான். அப்பாசாமி வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி இருந்தார், மின்சார லைனில் வேலை. அப்பாசாமியின் சிநேகிதர். மற்றவர்கள் மாடிப்படி ஏறுகிற மாதிரி கம்பத்தில் ஏறுவார். ஏறினால் வேலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கமாட்டார். மேலே இருந்தபடி தெருவுக்கே செய்தி வாசிப்பார்.

"ஏ தனம்! அப்பாசாமி வூட்ல கருவாட்டுக் கொழம்பு. நம்ம வூட்ல இன்னா?"

"மொதல்ல எறங்கி வாய்யா, சொல்றேன்" என்று அவர் மனைவி தனம் வாசலிலிருந்து கத்துவார். தெருவே சிரிக்கும்.

அப்பாசாமி கம்பி வைப்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

"எல்லாரும் காக்காய்க்குச் சோறு வெப்பாங்க. இவன் கம்பி வெக்கிறான் பாரு. அடுத்து செங்கல் வெப்பான், சிமெண்டு வெப்பான், கிரகப்பிரவேசத்துக்கு நம்மளையும் கூப்புடுவான்."

"கூப்புட்டா மொய்யோட வா."

"வரேன்டா. உங்கப்பன் கட்டற மாடி என் லைன் மேல வந்து குந்தாம இருந்தா சரி."

விளையாட்டாகத்தான் சொன்னார். சொன்னது சொன்னதுதானே.

குருவிக்கால் அளவு கம்பியால் பெரிய ஆபத்தில்லை. சித்திரையில் ஒருநாள் அந்தக் காக்கை தொங்கின றெக்கையோடு வந்து போய், வந்து போய், மூச்சு வாங்கச் சுவரில் உட்கார்ந்ததை அப்பாசாமி பார்த்தார். வாய் பிளந்திருந்தது. இழுப்பு வந்த அப்பாவின் வாய் மாதிரியே. எத்தனை தடவைதான் தூக்கும் என்று நினைத்து, கால் வெட்டுவதற்காக வைத்திருந்த கம்பிச் சுருளிலிருந்து முழங்கையைவிட நீளமாக ஒன்றை நறுக்கிச் சுவரில் வைத்தார். காக்கை அதைக் கவ்வி, இரண்டு முறை தவறவிட்டு, கடைசியில் எடுத்துக்கொண்டு போயிற்று. அன்று இரவு அவர் திருப்தியாகச் சாப்பிட்டார் என்று வெள்ளையம்மாள் சொன்னார்.

அக்கினி நட்சத்திரம் பிறந்து சில நாளில், நடுப்பகலில் புழுதிக்காற்று அடித்தது. தெருமுனைக் கம்பத்தில் படபடவென்று பொறி பறந்தது. தெருவில் கரண்ட் போயிற்று. சகாதேவன் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்தார். எங்கள் தெரு லைனின் பியூசைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறினார். அந்தக் கம்பத்தில் மேலே இன்னொரு லைன் உண்டு. அது ரைஸ் மில்லுக்குப் போவது, அதில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. காக்கைக் கூடு இருந்தது கீழ்லைனில், மேல்லைன் எட்டாத உயரத்தில். எத்தனையோ கூடுகளை அவர் அப்படித்தான் பிரித்துப் போட்டிருக்கிறார். கூட்டை இரண்டு கையாலும் தூக்கினார். அதிலிருந்து ஒரு நீளக் கம்பி நிமிர்ந்து மேல்லைனைத் தொட்டது.

வீடு கட்டுவதற்காக யாரோ கொட்டியிருந்த மணலில் விழுந்ததால் உயிர் பிழைத்தார். வலது கை கருகியிருந்தது. தனத்தின் அலறல் கேட்டுத் தெரு முழுக்க ஓடியது. எதிரே கார் வைத்திருந்தவர் வண்டியை எடுத்தார். நாலைந்து பேர் சேர்ந்து சகாதேவனைத் தூக்கி, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

தூக்கிய கைகளில் அப்பாசாமியின் கை இல்லை. அவரும் ஓடித்தான் வந்தார். வந்தவரின் கண்ணில் சாக்கடையோரம் கிடந்த கூடு பட்டுவிட்டது. அத்தனையும் அவர் வளைத்த கால்கள். மூன்று விரல், ஒரு விரல். நடுவில் அந்த நீளக் கம்பி, நுனி உருகி உருண்டிருந்தது. அதோடு தொங்கின றெக்கையோடு அந்தக் காக்கை, முதலில் பறந்த பொறியிலேயே செத்திருக்க வேண்டும். எல்லோரும் சகாதேவனைச் சுற்றி நின்ற நேரத்தில், கரி வாங்கி வந்த சாக்கில் கூட்டையும் காக்கையையும் வாரிப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார். காக்கையைப் பின்கட்டில் புதைத்தார். கூட்டைப் பரண்மேல் போட்டார். கம்பத்தைச் சுற்றி ஊர்க் காக்கைகளெல்லாம் கூடிக் கத்திக்கொண்டிருந்தன. அவை பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

மறுநாள் காலை அப்பாசாமி வாசலில் கால் வைத்ததும் ஒரு காக்கை வந்து உச்சந்தலையில் கொத்தியது. தெருமுனை போவதற்குள் ஏழெட்டு சேர்ந்துகொண்டன. சாயங்காலம் திரும்பும்போதும் அதே கதை. தெருவில் வேறு யாரையும் தொடவில்லை.

"சனி புடிச்சிருக்கு" என்றார்கள். வெள்ளையம்மாள் சனிக்கிழமைதோறும் எள் விளக்கு ஏற்ற வைத்தார். சனீஸ்வரன் கேட்டாலும் காக்கை கேட்கவில்லை. கடைசியில் அப்பாசாமி பட்டறையிலிருந்து வெல்டிங் ஷீல்டை எடுத்து வந்து, அதைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். கறுப்புக் கண்ணாடி வைத்த அந்த முகமூடிமேல் காக்கைகள் டங் டங்கென்று அடிக்கும். நான் எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். வேண்டுமென்றே ஒருநாள் நானும் கூடவே நடந்து பார்த்தேன், என்னை ஒன்றும் செய்யவில்லை.

சகாதேவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்தார். வலது கையில் சுண்டுவிரலும் அடுத்ததும் இல்லை. இடுப்பும் சரியாகக் கூடவில்லை. அப்பாசாமி முகமூடியோடு போவதைப் பார்த்து அவர்தான் முதலில் குரல் கொடுத்தார்.

"டேய் அப்பாசாமி! இன்னாடா, காக்கா பொண்டாட்டிய கையப் புடிச்சி இழுத்துட்டியா?"

"சனிப் பெயர்ச்சி" என்று சொல்லிவிட்டு அப்பாசாமி நடையைக் கட்டினார்.

"சனிக்கு உன் அட்ரஸ் யாரு குடுத்தாங்க?"

தினமும் இப்படி ஒரு வார்த்தை. தினமும் அப்பாசாமி நிற்காமல் போய்விடுவார்.

அதற்குள் சகாதேவனைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. பியூசைப் பிடுங்கினேன் என்கிறான், கூட்டில் கம்பி இருந்தது என்கிறான். கூடு எங்கே? குருவிக்கால் அளவு கம்பியில் எப்படி ஷாக் அடிக்கும்? சாராயத்தைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டு, காக்கைமேல் பழி போடுகிறான் என்று டீக்கடையில் பேசினார்கள். விசாரிக்க மேலிடத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வருவதாக ஏற்பாடாயிற்று. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் சகாதேவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்குமா, வேலையே போய்விடுமா என்பது.

தனம் வந்து வெள்ளையம்மாளிடம் அழுதார். "குடிச்சவரா இருந்தா நானே சொல்லிட மாட்டனாக்கா? கூட்ட மட்டும் யாராச்சும் பாத்திருந்தா போதும். அது எங்க போச்சி?"

அவர் உட்கார்ந்து அழுத இடத்துக்கு நேர் மேலே பரண். அப்பாசாமி உள்ளே சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். கூடு மேலே இருப்பது வெள்ளையம்மாளுக்கு அப்போது தெரியாது. அன்று கணவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்ததை மட்டும் கவனித்தார்.

கூட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அப்பாசாமிக்குத் தெரியும். கால்களைப் பார்த்த உடனே யார் கம்பி என்று தெரு சொல்லிவிடும். போலீஸ் வரலாம். அதைவிட சகாதேவன் தன் கையைப் பார்த்துவிட்டு இவர் முகத்தைப் பார்ப்பார். கொடுக்காவிட்டால், குடிகாரன் என்ற பேரோடு அவர் வேலை போகும். இன்ஜினியர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகமூடி இல்லாமல், காக்கைகள் கொத்தக் கொத்த சகாதேவனின் வீட்டுக்கு நடந்து போனார். நெற்றியில் ரத்தம்.

சகாதேவன் கட்டிலிலிருந்து எழவில்லை.

"வந்துட்டியா? எத்தினி நாளா பாத்துனு இருக்கேன் தெரியுமா?"

அப்பாசாமி சாக்கைக் கட்டிலோரம் வைத்தார்.

"டேய், ஊர்ல கூடு பிரிக்கிறவன் நான். பிரிச்சா ஒரு மாசத்துக்கு என் தலையில கொத்தும், எனக்குத் தெரியாதா? இந்த வாட்டி உன் தலையில கொத்துது. கூட்டத் தொட்டவன காக்கா வுடாது. நீதான் எடுத்தன்னு படுத்த நாள்லயிருந்து தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீயே எடுத்தாந்து குடுப்பன்னுதான். தெனம் ஒரு வார்த்த வுட்டு வுட்டுப் பாத்தேன். நீ எங்க நின்ன?" சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "கம்பிக்காகத்தானே தூக்கினு போன? குருவிக்கு ஆவும்னு. எனக்கு அடிபட்ட நேரத்துல உனக்குக் கம்பி கேக்குது."

அப்பாசாமி நிமிர்ந்து பார்த்தார். சகாதேவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இவன் சுவரில் வைத்த குட்டிக் கால்களோடு காக்கை எங்கிருந்தோ ஒரு நீளக் கம்பியையும் பொறுக்கியிருந்தது, அதையெல்லாம் இவன் பேராசையில் திரும்ப எடுத்துப் போனான். திட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய குற்றம். நீளக் கம்பியையும் இவன்தான் வைத்தான் என்பது அதில் இல்லை.

"ஆமா" என்று அப்பாசாமி தலையை ஆட்டினார்.

இன்ஜினியர் கூட்டைப் பார்த்தார், உருகிய நுனியைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். சகாதேவன்மேல் தப்பில்லை என்றாயிற்று. கம்ப்ளெயிண்ட் வாங்குகிற போனுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. தனம் வெள்ளையம்மாள் வீட்டுக்குக் கேசரி கிளறிக் கொண்டுவந்தார். "அண்ணன் எடுத்து வெச்சதாலதான் பொழச்சோம்" என்றார். அப்பாசாமி அந்தக் கேசரியைத் தின்ன வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவரால் கால் வளைக்க முடியவில்லை. உட்கார்வார், குறடை எடுப்பார், கம்பியைப் பிடிப்பார். மூன்றாவது விரல் வருவதற்குள் வைத்துவிடுவார். அமாவாசைக்குச் சோறு வைப்பதையும் வெள்ளையம்மாள் தலையில் கட்டிவிட்டார். குருவிகளுக்குக் காலுக்குப் பதில் லாடம் வந்தது அப்போதுதான்.

"கால் எங்கய்யா?" என்று கோதண்டராமன் கேட்டார்.

"உக்காந்துனு இருக்குது."

"உக்காந்துனு இருந்தா எவன் வாங்குவான்?"

முன்னைவிட ஜாஸ்தி வாங்கினார்கள். இது தியானம் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரி சொல்ல, கோதண்டராமன் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு முறை கடையிலிருந்து ஆள் வந்து இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதும் அப்பாசாமியின் முகம் சுருங்கும். சுப்பிரமணிக்கு இது புரியவே இல்லை. "சரக்கு போவலன்னா மூஞ்சியத் தூக்குவாங்க, இவரு போனா தூக்குறாரு" என்பார்.

இப்படியே வருஷங்கள் போயின. காக்கைகள்கூட மறந்துவிட்டன. தெருவில் கம்பத்தின் மேலிருந்து குரல் வருவது மட்டும் நின்றே போயிற்று. புதிதாக வந்த லைன்மேன் ஏறுவார், வாயைத் திறக்காமல் இறங்குவார். அவர் ஏறும்போதெல்லாம் அப்பாசாமி வீட்டுக்குள் போய்விடுவார்.

எண்பத்தி மூன்று வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சகாதேவன் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். டீ சொல்லியிருந்தது. புதிதாகச் செய்த குருவி ஒன்றை மிச்சமிருந்த மூன்று விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாவோ பேர் சொல்றானாமே கோதண்டராமன்?"

"மெடிட்டேசன்."

"மேல ஏறாம ஒரே எடத்துல குந்தினு இருந்தா மெடிட்டேசனா?" சகாதேவன் சிரித்தார். "அப்ப என்னையும் அந்த அலமாரியில வெக்கச் சொல்லுடா. நானும் ஆறு வருசமா குந்தினுதான் இருக்கேன். எவளாச்சும் வாங்கினு போவட்டும்."

அப்பாசாமி கையிலிருந்ததைக் கீழே வைத்தார். சகாதேவனைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். தகடு, றெக்கை, அலுமினியத் தட்டு, சோற்றைத் தொடாத காக்கை, சுருளிலிருந்து நறுக்கிய கம்பி. சுப்பிரமணி வெளியே போய் நின்றுகொண்டார். எனக்கு இந்தப் பகுதி, வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் சொல்லியும் தெரியும்.

சகாதேவன் கையிலிருந்த குருவியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"எவ்ளோ நீளம்?"

அப்பாசாமி விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டித் தொட்டுக் காட்டினார்.

"ஏன் அவ்ளோ நீளமா வெச்ச?"

"வயசானது. எத்தினி வாட்டி தூக்கும்னு..."

"அன்னிக்கு ஆமான்னு தல ஆட்டுனியே."

"ஆட்டினேன்."

சகாதேவன் எழுந்தார். டீ வந்தது, வாங்கவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு அறை வுட்டு வுட்டிருப்பேன்டா" என்றார். வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "இப்ப எந்தக் கையில அறையறது?"

இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து ரோட்டைக் கடந்து போனார்.

அப்பாசாமி வீட்டுக்கு வந்து வெள்ளையம்மாளிடமும் சொன்னார். சகாதேவன் அந்தப் பக்கம் வரவில்லை. தனம் தண்ணீர்க் குழாயடியில் வெள்ளையம்மாளைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் இத்தனை வருஷம் தூக்கி அலைந்ததை இறக்கி வைத்தால் கனம் குறையும் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். குறையவில்லை. அவர் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்தார், இப்போது மூன்று வீடு தள்ளி இன்னொருவரும் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் மிச்சம்.

அடுத்து வந்தது ஆடி அமாவாசை. படையல் முடித்து வெள்ளையம்மாள் வாழையிலைத் துண்டில் சோற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குக் கிளம்பினார். வாசலில் சகாதேவன் நின்றிருந்தார்.

"யாரு சோறு வெக்கிறது?"

"நான்தான்ணா. அவரு வெக்கிறதில்ல."

"ஏன், கை இல்லியா அவனுக்கு? அவனையே வெக்கச் சொல்லு."

அப்பாசாமி எழுந்து வந்தார். இலையை வாங்கினார். மூவரும் பின்கட்டுக்குப் போனார்கள். சுவரில் இலையை வைக்கப் போனவரின் மணிக்கட்டைச் சகாதேவன் பிடித்தார்.

"இரு."

மூன்று விரலைச் சோற்றுக்குள் விட்டார். அவசரமில்லாமல், பருக்கை பருக்கையாகப் பிரித்து, பருப்பைத் தள்ளி, வடையைப் பிட்டு, அடிவரை துழாவினார். சுவர்மேலும் தடவிப் பார்த்தார்.

"ம். கம்பி இல்ல. வை."

அப்பாசாமி வைத்தார். ஏதோ ஒரு காக்கை வந்து தின்றது. சகாதேவன் கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த அமாவாசைக்கும் வந்தார். அதற்கடுத்ததற்கும். வெளியூரில் கல்யாணம் இருந்தால்கூட அன்று மத்தியானத்துக்குள் பஸ் பிடித்து வந்துவிடுவார். சில மாதம் சிரித்துப் பேசுவார், சில மாதம் ஒரு வார்த்தை பேசமாட்டார். துழாவாமல் மட்டும் போனதில்லை. கொஞ்ச நாளில் தனமும் குழாயடியில் பேச ஆரம்பித்துவிட்டார்.

"மன்னிச்சிட்டீங்களாண்ணான்னு ஒருவாட்டி கேட்டேம்பா" என்றார் வெள்ளையம்மாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, கம்பி இருக்குதான்னு பாக்கிறேன், அவ்ளோதான்னுட்டாரு."

வெள்ளையம்மாள் எனக்கு இதைச் சொன்னது ஓர் அமாவாசைக்கு முந்தின நாள். மறுநாளும் போனேன். உச்சி வெயில். சகாதேவன் குனிந்து நின்று, மூன்று விரலால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். முடி நரைத்த அப்பாசாமி, பரீட்சைத் தாளை நீட்டியவர் மாதிரி, இரண்டு கையாலும் இலையை ஏந்தி, அவர் "ம்" என்று சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தார்.